முதலில் வரலாறு, பிறகுதான் தண்ணீர்

அந்த ஊர் வட்டத் தலைநகரானதற்குக் காரணம் ஒரு வண்டிச் சக்கரம். நூறு வருஷத்துக்கு முன்னால் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பெரிய ஊரில் அலுவலகம் திறக்கக் கிளம்பிய ஓர் அதிகாரியின் குதிரை வண்டி, இந்த ஊர்ச் சந்தை முனையில் சக்கரம் முறிந்து நின்றுவிட்டது. சக்கரம் சரியாகிற வரைக்கும் சும்மா இருப்பானேன் என்று அவர் பெட்டியைத் திறந்து, அங்கேயே ஒரு மரத்தடியில் உட்கார்ந்து இரண்டு கையெழுத்துப் போட்டார். சக்கரம் இன்னும் சரியாகவில்லை. அதனால் தலைநகரும் இன்னும் இங்கேயே இருக்கிறது.

இவ்வளவுதான் ஊரின் வரலாறு. சொல்லி முடிக்க ஒரு டீ ஆறுகிற நேரம் போதும். ஆனால் அச்சகக்காரர் அதை, தலைக்கு வைத்துப் படுத்தால் கழுத்து வலிக்கிற கனத்தில் ஒரு புத்தகமாக எழுதிவிட்டார்.

அவருக்குச் சந்தைத் தெருவில் ஒரு சின்ன அச்சகம். கல்யாணப் பத்திரிகை, இரங்கல் அறிவிப்பு, பஸ் டிக்கெட், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் அங்கேதான் அச்சாகும். தனக்குள்ளே ஓர் எழுத்தாளன் உட்கார்ந்திருக்கிறான் என்பது அவருக்கு வெகுநாளாகத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது என்பதுதான் வருத்தம். ஒருமுறை மாவு மில் முதலாளி காலமானபோது, கொடுத்த நாலு வரியை இவர் நாற்பது வரியாக்கி அச்சடித்துக் கொடுத்தார். அதைப் படித்துவிட்டு முதலாளியின் மனைவி, "ரொம்ப நல்ல மனுஷரா இருந்திருக்கார். யாருங்க இவர்?" என்று கேட்டாள்.

இப்படிப்பட்டவரிடம் வட்ட மன்றம் நூற்றாண்டு வரலாறு எழுதித் தரச் சொன்னால் என்ன ஆகும்? ஆனது.

மன்றம் கேட்டதற்கும் ஒரு காரணம் இருந்தது. மேலிடத்திலிருந்து எச்சரிக்கை வந்திருந்தது. ஊர்ச் சேவைகளை மேம்படுத்தாவிட்டால் தலைநகரை அக்கரைக்கு மாற்றிவிடுவோம் என்றார்கள். மன்றம் கூடி ஆழ்ந்து யோசித்தது. சேவையை மேம்படுத்தக் குழாய் வேண்டும், வண்டி வேண்டும், எல்லாவற்றையும்விட வேலை செய்ய வேண்டும். வரலாற்றை மேம்படுத்த அச்சகக்காரர் ஒருவர் போதும்.

புத்தக வெளியீட்டு விழாவில் மன்றத் தலைவி பேசிய பேச்சை ஊர் இன்னும் மறக்கவில்லை.

"சேவை யார் வேணும்னாலும் செஞ்சிடலாம்," என்றார் அவர். "அக்கரையில நாள் பூரா தண்ணி வருதாம். வரட்டுமே! அந்தத் தண்ணியை யார் கொண்டுவந்தா, குழாயைத் திறந்து வச்ச அன்னைக்கு யார் யார் பேசினா, எதாவது தெரியுமா அவங்களுக்கு? பாவம், குடிக்கறாங்க, அவ்வளவுதான். நம்ம ஊர்ல தண்ணி வரலைன்னாகூட, அது வராததுக்குப் பின்னாடி நூறு வருஷப் பாரம்பரியம் இருக்கு!"

கைதட்டல் ஓய்ந்ததும் தீர்மானம் நிறைவேறியது. இனி இந்த ஊரில் எந்தச் சேவையானாலும், அதைச் செய்வதற்கு முன் அந்தச் சேவையின் வரலாற்றை அலுவலர் உரக்க வாசிக்க வேண்டும். சேவை கேட்டு வந்தவர் நின்றபடி கேட்க வேண்டும். முதலில் வரலாறு, பிறகுதான் தண்ணீர்.

அச்சகக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. தேவை இருக்கிறதோ இல்லையோ, தினம் ஓர் அலுவலகமாகப் போய் வரிசையில் நின்றார். ஒரு தபால்தலை வாங்கப் போனால் ஓர் அத்தியாயம் கேட்கலாம். முன்னால் நிற்பவர் கால் மாற்றி நின்று பெருமூச்சு விட்டால், 'அடடா, நெகிழ்ந்துட்டாரு' என்று நினைத்துக்கொள்வார். ஊர் அவருக்குச் 'சரித்திரம்' என்று பெயர் வைத்தது. "சரித்திரம் வருது, வழி விடு" என்று தெருவில் பையன்கள் கத்தியபோது, மரியாதை என்று நினைத்துத் தலையசைத்துக்கொண்டே நடந்தார்.

வீட்டில்தான் மரியாதை கொஞ்சம் குறைவு.

"ஊரெல்லாம் உங்க எழுத்தைப் படிக்குது. நம்ம வீட்டுக் குழாய் ஒரு மாசமா ஒழுகுது. அது எந்த அத்தியாயத்துலங்க வருது?" என்றாள் மனைவி.

குழாய்க்காரர் வந்தார். ஒரு கையில் ஸ்பேனர், ஒரு கையில் புத்தகம். சமையலறையில் தண்ணீர் கணுக்கால் வரை நின்றது. அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, தொண்டையைச் செருமி, "மனிதகுலத்தின் முதல் தாகம்" என்று ஆரம்பித்தார். மனைவி வாளியில் மொண்டு மொண்டு கொட்டிக்கொண்டிருந்தாள். அச்சகக்காரர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், சட்டென்று கையைத் தூக்கினார்.

"தம்பி, அங்க கொஞ்சம் நிறுத்துங்க. 'தாகம்'னு வந்ததும் ஒரு மூச்சு விட்டுட்டு அப்புறம்தான் 'தவித்தது'. எங்க, இன்னொரு தரம்?"

குழாய்க்காரர் இன்னொரு தரம் படித்தார். அத்தியாயம் முக்கால்வாசி வந்தபோது வேலைநேரம் முடிந்துவிட்டது.

"நாளைக்கு வரேன் சார். ஆனா பாதியிலேருந்து படிக்கக் கூடாதுன்னு உத்தரவு. மறுபடியும் முதல்லேருந்துதான்."

அவர் போன பிறகு மனைவி வாளியைக் கணவர் கையில் கொடுத்தாள். "இந்தாங்க. மூச்சு விட்டுட்டு அப்புறம் மொள்ளுங்க."

ஊரிலும் இப்படித்தான். ரொட்டிக்கடைக் கூரையில் தீப்பிடித்தபோது தீயணைப்பு வண்டி வேகமாகத்தான் வந்தது. வீரர்கள் வரிசையாக நின்றார்கள். ரொட்டிக்கடைக்காரரை நிற்கவைத்து, நெருப்பு கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து வாசித்தார்கள். வண்டிக்குச் சக்கரம் கண்டுபிடித்த பகுதி வந்தபோது தீ தானாக அணைந்துவிட்டது. எரிய எதுவும் மிச்சம் இல்லை. தீயணைப்பு அதிகாரி பிறகு நடந்த பாராட்டுக் கூட்டத்தில் சொன்னார்: "வாசிப்பு ஆரம்பிச்சதுக்கு அப்புறம் நாங்க அணைக்க முயற்சி பண்ணி அணையாம போன தீன்னு ஒண்ணுகூடக் கிடையாது. ஏன்னா, முயற்சி பண்ற அளவுக்கு எந்தத் தீயும் காத்திருக்கல."

பிரசவ வார்டிலும் ஒன்று நடந்தது. முன்னுரையிலேயே குழந்தை பிறந்துவிட்டது. மீதி வரலாற்றைக் குழந்தைக்கு வாசித்தார்கள். சேவை பெற்றவர் அதுதானே. பிறந்ததிலிருந்து வாசிப்பு முடியும்வரை அழுதது. ஊரிலேயே மனசில் பட்டதை வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் அதுதான்.

இதற்கு நடுவில் ஒரு தவறும் நேர்ந்தது. எழுதுகிற வேகத்தில் அச்சகக்காரர் ஓரிடத்தில், 'மன்றக் கட்டடத்தின் கிழக்குக் கதவு வழியே இளங்கதிர் நுழைந்து தலைவரின் நாற்காலியை வணங்கும்' என்று எழுதியிருந்தார். கட்டடத்துக்குக் கிழக்கே கதவே கிடையாது. வெறும் சுவர். விஷயம் தெரிந்ததும் அவர் தலைவியிடம் ஓடினார். "ஒரு வரிதான், திருத்திடறேன்" என்றார்.

தலைவி சிரித்தார். "வரலாறு எப்படிங்க தப்பாகும்? சுவர்தான் தப்பாக் கட்டியிருக்காங்க."

மறுவாரமே கொத்தனார் வந்து சுவரை இடித்துக் கதவு வைத்தார். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் முடிதிருத்தும் கடை. அன்றிலிருந்து தலைவி தினமும் முடிதிருத்தும் கடை வழியாகத்தான் அலுவலகத்துக்குப் போய் வந்தார். அவர் நுழையும்போது முகமெல்லாம் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருக்கிறவர்கள் எழுந்து நின்று வணங்க வேண்டும். கடைக்காரர் கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார்.

இவ்வளவு நடந்தும் அச்சகக்காரருக்கு உறைக்கவில்லை. தன் எழுத்தால் தண்ணீர் போனது, கூரை போனது, சுவர் போனது என்று அவர் நினைக்கவில்லை. தன் எழுத்து ஊரையே அசைக்கிறது என்றுதான் நினைத்தார். ஒரு விதத்தில் உண்மைதான்.

உறைத்தது மகள் விஷயத்தில்.

அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவள் அவருடைய ஒரே மகள். அப்பாவின் எழுத்தை முதலில் படிப்பவளும் அவள்தான், முதலில் கொட்டாவி விடுகிறவளும் அவள்தான். அந்த மழைக்காலத்தில் ஒருநாள் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். மருந்து கொடுக்கிற இடத்தில் ஓர் இளைஞன் புத்தகத்தைப் பிரித்து வாசிக்க ஆரம்பித்தான். அவள் தூணில் சாய்ந்து நின்றாள். அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். சுற்றுமுற்றும் பார்த்தான். கட்டைவிரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, இரண்டு மூன்று பக்கங்களைச் சேர்த்துத் திருப்பினான். இன்னொரு முறை தொட்டான். ஒரு கொத்துப் பக்கம். மூன்றாவது முறை தொட்டபோது, "நூறாண்டுகளாக இச்சேவை தொடர்கிறது, நன்றி" என்று முடித்து மாத்திரையைக் கையில் கொடுத்தான்.

அவளுக்குக் காய்ச்சல் அங்கேயே பாதி விட்டுவிட்டது. மறுநாள் குணமான பிறகும் மருந்து வாங்கப் போனாள்.

அச்சகக்காரர் இந்தக் காதலை முதலில் கடுமையாக எதிர்த்தார். பையன் நல்லவன், வேலையில் இருக்கிறான், பெற்றவர்களும் தங்கமானவர்கள். அதெல்லாம் சரி.

"என் அத்தியாயத்துல மூணு இடத்துல தாண்டியிருக்காண்டி அவன்! கொள்ளைநோய்க் காலம் பூரா போச்சு. அதுல நான் அழுதுக்கிட்டே எழுதின பத்தி இருக்கு!" என்று மனைவியிடம் குமுறினார்.

"எழுதறப்ப நீங்க அழுதீங்க, கோர்க்கறப்ப அவ அழுதா. படிக்கறவனாவது சிரிக்கட்டும், விடுங்க," என்றாள் மனைவி.

விட்டுவிட்டார். அவருக்கு மகள் என்றால் உயிர்.

பிறகுதான் பையனுக்கு அந்த உத்தரவு வந்தது. தொலைவில், மலைமேல் இருக்கும் சுரங்க ஊரின் ஆஸ்பத்திரியில் பெரிய வேலை. திங்கட்கிழமை சேர வேண்டும். மணமானவர் என்பதற்குப் பதிவுச் சான்று காட்டினால் வீடு தருவார்கள். இல்லையென்றால் விடுதியில் தனியாக மூன்று வருஷம், நடுவில் விடுப்பு கிடையாது. உத்தரவு முன்னாலேயே வந்துவிட்டதுதான். ஆனால் தபால்காரர் தபால்துறை அத்தியாயத்தை வாசித்து முடித்து உறையைக் கையில் கொடுக்க நாலைந்து நாள் ஆகிவிட்டது. சுரங்க ஊருக்கு வாரத்துக்கு ஒரே பஸ். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு. உறை கைக்கு வந்தது செவ்வாய்க்கிழமை.

"அதுக்கென்ன, நாளைக்குக் காலையில பதிஞ்சிடலாம்," என்றார் அச்சகக்காரர். மகள் அவரையே பார்த்தாள்.

"அப்பா. கல்யாணப் பதிவு அத்தியாயம் எவ்வளவு நீளம்னு ஞாபகம் இருக்கா?"

அவருக்கு ஞாபகம் வந்தது. புத்தகத்திலேயே பெரிய அத்தியாயம் அதுதான். மகளை மனசில் நினைத்துக்கொண்டே எழுதியது. வட்டத்தில் நடந்த முதல் கல்யாணத்தைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாததால் எல்லாவற்றையும் எழுத முடிந்தது. பறவைகள் ஜோடி சேர்வதில் ஆரம்பித்து, மணமகள் தலைநிமிர்வதற்கே ஒரு பொழுது ஆகும்.

"மாப்பிள்ளை வெட்கப்படறது அஞ்சு பக்கம் வேணாம்ப்பான்னு அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன். 'கலைம்மா, கலை'ன்னீங்க."

"நீட்டிப் படிச்சா நேரம் ஆகும். கொஞ்சம் வேகமாப் படிச்சா..." என்று இழுத்தார் அவர்.

புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பதிவாளர் அலுவலகத்தில் நாலு பேரும் நின்றார்கள். பதிவு நேரம் பத்திலிருந்து பன்னிரண்டு வரைதான். பதிவாளருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. புத்தகம் வந்ததிலிருந்து ஊரில் ஒரு கல்யாணம்கூடப் பதிவாகவில்லை. எல்லாரும் அக்கரைக்குப் போய் ஒரு மாதம் தங்கி அங்கே பதிந்துகொண்டார்கள். கல்யாணம் குறைந்ததை இளைஞர்களிடம் பொறுப்பு வளர்ந்ததற்கு அடையாளம் என்று மன்றம் குறித்துக்கொண்டது.

"முதல் ஜோடி நீங்கதான்!" என்று பதிவாளர் கையைத் தேய்த்துக்கொண்டார். வெந்நீர் ஒரு வாய் குடித்தார். கண்ணாடியைத் துடைத்தார். ஆரம்பித்தார்.

"நான் வேணா படிக்கட்டுமா சார்?" என்று பையன் கட்டைவிரலைத் தயாராக வைத்துக்கொண்டு கேட்டான்.

"அலுவலர்தான் படிக்கணும். ஒரு பக்கம் விட்டாலும் கல்யாணம் செல்லாது, தம்பி."

பறவைகள் வந்தன. நதி வந்தது. பதினொன்றரை மணிக்கு மாப்பிள்ளையின் வெட்கம் வந்தது. பதிவாளர் வேகம் எடுத்திருந்தார். எல்லாரும் கொஞ்சம் நம்பிக்கையோடு நின்றார்கள். அப்போதுதான் அச்சகக்காரரின் கை, அவரைக் கேட்காமலே, மேலே எழுந்தது.

"சார், ஒரு நிமிஷம். 'செவ்வானமாய்ச் சிவந்தது அவன் செவி'. அதை அப்படி ஓடிப்போய்ப் படிக்கக் கூடாது. செவ்வானம்னா மெதுவாத்தானே வரும்?"

மகள் திரும்பினாள். மனைவி திரும்பினாள். பையன் மட்டும் மரியாதைக்காகத் தரையைப் பார்த்தான். பதிவாளர், எழுதியவரே சொல்கிறாரே என்று, அந்தப் பக்கத்தை மெதுவாக, செவ்வானம் மாதிரியே இரண்டாம் முறை படித்தார். பன்னிரண்டு மணிக்கு மணி அடித்தது. இன்னும் ஒன்பது பக்கம் பாக்கி.

"நாளைக்கு முதல்லேருந்து," என்று பதிவாளர் புத்தகத்தை மூடினார்.

வீட்டுக்கு வந்தார்கள். வாசற்படியில் மகள் சொன்னாள்: "அப்பா, நாளைக்கு நீங்க வர வேண்டாம்."

வியாழக்கிழமை அவர் போகவில்லை. ஆனாலும் பிரயோஜனமில்லை. முந்தின நாள் வாசிப்பில் பதிவாளருக்குத் தொண்டை கட்டிவிட்டது. நதியிலேயே மணி அடித்துவிட்டது. திரும்பி வந்த மகள் அச்சகத்துக்குள் போய், ஏற்கெனவே சுத்தமாக இருந்த அச்செழுத்துகளை ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தாள். சின்ன வயதிலிருந்தே அழுகை வந்தால் அவள் செய்கிற காரியம் அது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் திறக்கிற அலுவலகத்தில் பதினொரு மணி பஸ்ஸுக்குள் அந்த அத்தியாயம் முடியாது என்பதற்குக் கணக்குப் போட வேண்டியதில்லை.

அச்சகக்காரர் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் பெண்ணுக்கும் அவள் கல்யாணத்துக்கும் நடுவில் யாரோ ஒரு படுபாவி பறவையும் நதியுமாகக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறான் என்று ஒரு கணம் கோபம் வந்தது. அடுத்த கணம் அந்தப் படுபாவி யார் என்று நினைவு வந்தது.

நேரே முடிதிருத்தும் கடைக்கு ஓடினார். தலைவி சாயங்காலம் அந்த வழியாகத்தான் வெளியே வருவார். சும்மா நிற்க முடியாது என்று நாற்காலியில் உட்கார்ந்தார். கடைக்காரர் பாதி முகத்தை வழித்து முடித்தபோது கிழக்குக் கதவு திறந்தது. எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

"அம்மா! கல்யாண அத்தியாயத்தைக் கொஞ்சம் வெட்டணும். பறவையை எடுத்துடலாம். நதியை எடுத்துடலாம். எல்லாத்தையும் எடுத்துட்டு 'ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க'ன்னு ஒரே வரி போதும்மா," என்றார் ஒரு கன்னத்தில் நுரையோடு.

தலைவி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"நீங்களா பேசறது? எழுதினவர் வாயாலயா? வரலாற்றை வெட்டலாமா? அப்படி வெட்ட ஆரம்பிச்சா எங்க போய் நிக்கும் தெரியுமா? கடைசில சக்கரம்தான் மிஞ்சும். அப்புறம் ஜனங்க, 'சரி, வரலாறு முடிஞ்சுது, தண்ணி எங்கே'ன்னு கேப்பாங்க. அதுக்கு யார் பதில் சொல்றது, நீங்களா?"

"என் பொண்ணும்மா..."

"எனக்கும் பொண்ணு மாதிரிதான். அதனாலதான் சொல்றேன். வரலாற்றைக் குறைக்க யாருக்கும் அதிகாரம் இல்ல. சேர்க்கறதுன்னா தாராளமாச் சேருங்க. இன்னும் நல்லா, நீளமாச் சேருங்க. உங்களை யார் தடுத்தா?"

தலைவி போய்விட்டார். நின்றவர்கள் உட்கார்ந்தார்கள். கடைக்காரர் கத்தியைத் தீட்டிக்கொண்டே முணுமுணுத்தார்.

"வாங்கண்ணே, மிச்சக் கன்னத்தைக் காட்டுங்க. உங்களைச் சொல்லணும். கதவுன்னு ஒரு வார்த்தை எழுதினீங்க, என் சுவத்துல ஓட்டை விழுந்துடுச்சு. நீங்க பாட்டுக்கு 'அங்க ஒரு ஜன்னலும் இருந்தது'ன்னு எழுதிடாதீங்க, நான் கண்ணாடியை எங்க மாட்டறது?"

அச்சகக்காரர் உட்காரப் போனவர் அப்படியே நின்றார். பாதி முகம் நுரையோடு, கழுத்தில் துண்டோடு, தெருவில் இறங்கி ஓடினார்.

"அண்ணே, துண்டு!" என்று கடைக்காரர் கத்தினார்.

அச்சகத்தில் மூச்சிரைக்க நின்று அவர் சொன்னதை மகள் ஒரே வாக்கியத்தில் புரிந்துகொண்டாள். ஒரு சின்னத் தாள். அத்தியாயத்தின் தொடக்கத்தில், பறவைகளுக்கு முன்னால், ஒட்ட வேண்டும். சேர்ப்பதற்குத்தான் அனுமதி உண்டே.

"எழுதிக்கோம்மா. 'பொன்னிறக் கதிரவன் தன் ஆயிரம் கரங்களால்...'"

"அப்பா."

"சரி. 'கதிரவன்...'"

"அப்பா!"

"நீயே சொல்லு."

அவள் சொல்லச் சொல்ல, அவர் தன் வாழ்நாளிலேயே குறைவான சொற்களில் எழுதினார். மூன்றே வாக்கியம். எழுதியபோது ஒவ்வோர் உரிச்சொல்லும் உள்ளே எங்கோ அடிபட்டு விழுவது அவருக்குக் கேட்டது. மகள் அதைக் கோர்த்தாள். "நீங்க போய் முகத்தைக் கழுவுங்க, நான் அடிச்சு முடிச்சுடறேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை மகள் பதிவாளரின் புத்தகத்தில் தாளை ஒட்டிக் கொடுத்தாள். பதிவாளர் வெந்நீரைக் குடித்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தார். புதுத் தாளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. கம்மிய குரலில் வாசித்தார்:

"'வெள்ளிக்கிழமை காலை, முதல் ஜோடி வந்ததும் பதிவாளர் உடனே கையெழுத்திட்டுச் சான்றைக் கொடுத்தார். மணமக்கள் பதினொரு மணி பஸ்ஸைப் பிடித்தார்கள். அதன் பிறகே வாசிப்பு தொடர்ந்தது.'"

நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார். மாட்டினார்.

"கையெழுத்திட்டார்னு இருக்கு. நான் இன்னும் போடலையே?"

"அப்படின்னா வரலாறு பொய்யா சார்?" என்று மகள் ரொம்பப் பணிவாகக் கேட்டாள்.

பதிவாளரின் நெற்றி வியர்த்தது. அவர் மனக்கண்ணில் கொத்தனார் வந்திருக்க வேண்டும். சுவரையே இடித்தவர்கள் பதிவாளரை விடுவார்களா? மளமளவென்று கையெழுத்துப் போட்டார், முத்திரையை இரண்டு முறை குத்தினார், சான்றை நீட்டினார். பையன் வாங்கிப் பத்திரமாகச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, மகள் கையைப் பிடித்துக்கொண்டான்.

அச்சகக்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது. "வாங்க வாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு. பெட்டியை நான் தூக்கறேன்" என்று குனிந்தார்.

"இருங்க சார்," என்றார் பதிவாளர். "இன்னும் ஒரு வரி இருக்கே."

"மூணு வரிதானே?"

"நாலு இருக்கு. 'மீதி முழுவதையும் மணமகளின் தந்தை நின்றபடியே கேட்டார்.'"

 அச்சகக்காரர் மகளைப் பார்த்தார். அவள் முகத்தில் சிரிப்பும் அழுகையும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன.

"யாராவது ஒருத்தர் நின்னு கேட்டாத்தானேப்பா எங்களை விடுவாரு," என்றாள். "கோர்த்துட்டு இருக்கறப்பதான் தோணுச்சு. உங்க அளவுக்கு ரசிச்சுக் கேக்க ஊர்ல வேற யாரு இருக்கா?"

பிறகு ஓடிவந்து அவர் சட்டையில் முகத்தைப் புதைத்தாள். பையன் "வரேன் மாமா" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டான். மனைவி, "நான் போய் ஏத்திவிட்டுட்டு வரேங்க. நீங்க மெதுவாக் கேளுங்க, ஓடிப்போய்க் கேக்காதீங்க" என்று கிளம்பினாள்.

பதிவாளர் பறவைகளில் ஆரம்பித்தார்.

பதினொரு மணி சுமாருக்கு நதிக்கரையில் மணமகள் பிறந்தவீட்டைத் திரும்பிப் பார்க்கும் இடம் வந்தது. எழுதும்போது அச்சகக்காரர் மூன்று கைக்குட்டை நனைத்த இடம். அதே நேரம் ஜன்னலுக்கு வெளியே பஸ் போயிற்று. பின்னிருக்கைக் கண்ணாடியில் ஒரு கை ஆடியது. அவர் கையைத் தூக்கினார், பதிவாளர் உடனே வாசிப்பை நிறுத்தி, "மறுபடியும் படிக்கணுமா சார்?" என்றார்.

"இல்ல, இல்ல. போங்க," என்றார் அச்சகக்காரர். பஸ் திரும்பியது. புத்தகத்தில் மணமகள் இன்னும் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டு பக்க நீளத்துக்குப் பார்த்தாள். நிஜத்தில் இது ஒரு கையசைப்பில் முடிந்துவிடுகிறதே என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதும் கால் வலிக்க ஆரம்பித்தது.

பன்னிரண்டு மணிக்கு மணி அடித்தது. பாக்கி இருந்தது. "நாளைக்கு முதல்லேருந்து," என்றார் பதிவாளர்.

சனிக்கிழமையும் முடியவில்லை. திங்கட்கிழமையும் முடியவில்லை. மீதி முழுவதையும் கேட்டார் என்று வரலாற்றில் இருக்கிறது; கேட்டுத் தீராவிட்டால் வரலாறு பொய்யாகும், வரலாறு பொய்யானால் கையெழுத்து என்ன ஆகுமோ என்று அவருக்கும் பயம், பதிவாளருக்கும் பயம். இருவரும் விடாமல் வந்தார்கள்.

திங்கட்கிழமை சாயங்காலம் அச்சகத்துக்குப் போன் வந்தது. மகள்தான்.

"வீடு குடுத்துட்டாங்கப்பா. சின்ன வீடுதான். குழாயைத் திறந்தோம், தண்ணி வந்துச்சு."

"ம்."

"யாரும் எதுவும் படிக்கலப்பா. சும்மா அப்படியே வந்துச்சு. நாங்க ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் நின்னு பார்த்துட்டே இருந்தோம்." சிரித்தாள். "நீங்க எதுவரைக்கும் கேட்டிருக்கீங்க?"

"வெட்கம் வரைக்கும்."

"எந்தப் பக்கம்?"

"மூணாவது பக்கம். ஏம்மா, அவன் ஏம்மா இவ்வளவு வெட்கப்படறான்?"

செவ்வாய்க்கிழமை காலை அவர் வழக்கமான இடத்தில் போய் நின்றார். மனைவி ஒரு முக்காலியும் கொடுத்தனுப்பியிருந்தாள். நின்றபடியே என்று இருப்பதால் பதிவாளர் அதை வெளியே வைக்கச் சொல்லிவிட்டார். பறவைகள் ஜோடி சேர்ந்தன. நதி புரண்டது. பதிவாளரின் குரல் தேய்ந்து காற்றாக வந்தது. "'செவ்வானமாய்...'" என்று ஆரம்பித்து, பழக்கத்தில், மெதுவாகப் படிக்கலாமா என்று நிமிர்ந்து பார்த்தார்.

அச்சகக்காரர் வாசல் பக்கம் பார்த்தார். யாரும் இல்லை. ஜன்னல் பக்கம் பார்த்தார். இல்லை. மேஜைக்குக் கிட்டே போய், ஏதோ ஒரு திருட்டுச் சரக்கைப் பற்றி விசாரிப்பதைப் போலத் தணிந்த குரலில் கேட்டார்.

"சார், கட்டைவிரலைக் கொஞ்சம் நாக்குல தொட்டுக்கறீங்களா?"